அனுப்புவதற்கு முதல் காட்டு

வணக்கம் நேயர்களே. மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பதென்றால் கீழே இருக்கிற ஊர்களுக்கு முதலில் அறிவிப்பார்கள். என் கருவிக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை.

கிளிநொச்சியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சின்னச் சின்ன மென்பொருள்கள் எழுதுகிறோம். எழுதியதை பில்ட் செய்து, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, மற்றவர்களும் எடுத்துப் பாவிக்கிற என்பிஎம் என்ற இணையக் களஞ்சியத்தில் வெளியிட நானே ஒரு கட்டளைக் கருவி செய்திருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டி என்டர் அடித்தால் வேலை முடிந்தது. அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. போன மாரியில் ஒரு இரவு அப்படித் தட்டினேன். காலையில் பார்த்தால், கடவுச்சொற்கள் எழுதி வைத்திருந்த கோப்பும் கூடவே போயிருக்கிறது. எழுதியதன் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் என்ற கருவியில் அதை விலக்கித்தான் வைத்திருந்தேன். ஆனால் என்பிஎம்முக்கென்று தனி விலக்குப் பட்டியல் போட்டால், கிட்டின் பட்டியலை அது பார்க்காதாம்!

அழிக்கலாம்தானே என்பீர்கள். களஞ்சியத்தில் வெளியிடுகிற மென்பொருளைப் பொதி என்பார்கள். வேறு பொதி எதுவும் நம்முடையதை நம்பியிராவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் விலக்கிக்கொள்ளலாம். அதே பதிப்பு எண்ணை மறுபடி பாவிக்க முடியாது. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2016இல் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பொதியை எழுதியவர் விலக்கிக்கொள்ள, உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் பில்ட் ஆகாமல் நின்றன. சரி, நான் கடவுச்சொற்களை மாற்றினேன்.

பிறகு கருவிக்கு வந்தேன். இப்போது எதை விலக்குவது என்று எழுதுவதில்லை, எதை அனுப்புவது என்று மட்டும் எழுதுகிறோம். வெளியிடச் சொன்னால், என்பிஎம்மிலேயே இருக்கிற, அனுப்பாமல் ஒத்திகை மட்டும் பார்க்கிற ட்ரை-ரன் வசதியை ஓட்டி, போகவிருக்கும் கோப்புகளை அளவோடு காட்டும். 'ஆம்' என்பதைக் கை பழக்கத்தில் தட்டிவிடும். அதனால் பதிப்பு எண்ணையே தட்டச் சொல்கிறது. "அண்ணை, இதென்ன பாங்கில பாரம் நிரப்பிற மாதிரி" என்றான் எங்களில் இளையவன்.

டொங்கிளில் இணையச் சிக்னல் அறுந்தால் முன்பு 'பிழை' என்று மட்டும் சொல்லும். போனதா, இல்லையா? இப்போது களஞ்சியத்தைத் தானே கேட்டுப் பார்த்து, 'இந்தப் பதிப்பு அங்கே இல்லை, மறுபடி அனுப்பலாம்' என்கிறது. எங்கள் பக்கத்துச் சிக்னலுக்கு இதுதான் பெரிய ஆறுதல்.

போன கிழமை அந்த இளையவனே பட்டியலைப் பார்த்து நின்றுவிட்டான். படங்கள் கோப்புறைக்குள் வற்றாப்பளைப் பொங்கலில் எடுத்த ஃபோட்டோ ஒன்று, 4 எம்பி.