சொல் தீரும் இடத்தில் ஆள் வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். துயர நேரத்தில் இணைய நண்பரை நேரில் போய்ப் பார்ப்பதா, தள்ளி நின்று ஆறுதல் சொல்வதா என்பது தலைப்பு. போகத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்' என்றார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலேயே நண்பர்களாக இருந்ததைச் சொன்னார். உண்மைதான். ஆனால் கதை அதோடு முடியவில்லையே! சோழன் வடக்கிருக்கிறான், அதாவது உண்ணாமல் உயிர்விட வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறான். உயிர் போகப்போகிறது. பாண்டிய நாட்டிலிருந்து நண்பர் வருவாரா என்று சுற்றி இருப்பவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அவன் சொல்கிறான்: 'செல்வக் காலை நிற்பினும் அல்லற் காலை நில்லலன்.' புறநானூறு 215ஆம் பாட்டு. நான் நன்றாக இருந்தபோது வராமல் இருந்தாலும், துன்பத்தில் வராமல் இருக்கமாட்டார் என்கிறான். அடுத்த பாட்டில், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். பிசிராந்தையார் வந்தார். ஐயா, அந்த நட்பை இன்றுவரை பேசுகிறோமே, பார்க்காமல் இருந்ததற்காக மட்டுமா? வந்ததற்காக.

இணைய நட்பு முழுக்க முழுக்கச் சொல்லால் ஆனது. காலையில் ஒரு செய்தி, இரவில் நீளமாக ஒரு புலம்பல், நடுவில் ஒரு படம். அதில் குறை ஒன்றும் இல்லை. மனம்விட்டுப் பேச ஓர் ஆள் அங்கேதான் பலருக்குக் கிடைத்திருக்கிறார். ஆனால் 'அம்மா போயிட்டாங்க' என்று ஒரு வரி வந்தால் பதிலுக்கு என்ன தட்டுவீர்கள்? 'தைரியமா இரு' என்று எழுதி, அழித்து, 'நான் இருக்கேன்' என்று அனுப்புகிறீர்கள். இரண்டு நீலக் குறி விழுகிறது. அந்தப் பக்கம் எழுதுவதாகக் காட்டுகிறது, நிற்கிறது, மறுபடி காட்டுகிறது. கடைசியில் 'ம்' என்று ஒற்றை எழுத்து வருகிறது. அவரிடம் சொல் இல்லை. உங்களிடமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் பேசாமலே இருக்கலாம். திரையில் பேசாமல் இருந்தால் ஆளே இல்லை என்றாகிவிடும்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுமிகளைப் பதற்றம் தரும் ஒரு சோதனையில் ஈடுபடுத்திவிட்டு, சிலரைத் தாயிடம் நேரில் விட்டார்கள், சிலரைத் தொலைபேசியில் பேசவைத்தார்கள், சிலரைச் செய்தி மட்டும் அனுப்பவைத்தார்கள். நேரில் பார்த்தவர்களுக்கும் குரல் கேட்டவர்களுக்கும் பதற்றம் தணிந்தது. எழுத்து மட்டும் கிடைத்தவர்களின் உடலில், தாயோடு தொடர்பே இல்லாதவர்களைப் போலவே, மனஅழுத்த ஹார்மோன் இறங்கவில்லை. குரலுக்கும் பலன் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவர் எத்தனை அழைப்பை எடுக்கிறார்?

அடுத்து, பாதுகாப்பு. மனம் உடைந்திருப்பவரை ஏமாற்றுவது சுலபம் என்றார்கள். நியாயமான பயம். முகம் பார்த்து வீடியோவில் பேசியிருக்க வேண்டும், 'வரட்டுமா' என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், எங்கே போகிறோம் என்று நம் வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும், நாலு பேர் இருக்கும் நேரமாகப் போக வேண்டும். இவ்வளவு செய்தால் போதும்.

'நீங்க யாரு?' என்று வாசலில் கேட்டால் என்ன சொல்வது என்றும் ஒரு கேள்வி. நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைச் சிதைவு நோயால் 2014இல், 25 வயதில் இறந்தார். மகன் ஒரு கணினி விளையாட்டிலேயே தனியாகக் காலத்தைக் கழித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டதும் முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருந்தன. இறுதிச் சடங்குக்கு, அந்த விளையாட்டில் பழகிய நண்பர்கள் வேறு வேறு நாடுகளிலிருந்து வந்து நின்றார்கள். பெற்றோர் அறியாத மகனை அறிந்தவர்கள் அவர்கள். யாரு என்று கேட்டால், தயங்காமல் 'நண்பன்' என்று சொல்லலாம்.

துக்கம் கேட்க வருகிற எல்லோரும் 'எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு' என்றுதான் தொடங்குவார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அந்த மனிதர் ஓய்ந்துபோயிருப்பார். இணைய நண்பரிடம் சொல்ல வேண்டியதே இல்லை. மருத்துவமனை வராந்தாவிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு வந்த செய்தியைப் படித்தவர் அவர்தான். அப்பாவோடு பேசாமல் இருந்த காலமும், அதை நினைத்து அழுததும் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த ஒருவர், எதுவும் கேட்காமல் எதிரில் வந்து உட்காருவதை எந்தச் செய்தியால் ஈடுகட்ட முடியும்?

தூரம், விடுப்பு, பணம் என்று உடனே போக முடியாதவர்கள் உண்டு. சரி, ஒரு மாதம் கழித்துப் போங்கள். அப்போது உறவினர்கள் திரும்பிப் போயிருப்பார்கள், விசாரிக்கிற அழைப்புகளும் குறைந்திருக்கும், தேவை மட்டும் குறைந்திருக்காது. 'அடுத்த மாதம் வரட்டுமா' என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தருமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.