ஜேம்ஸ் வில்லியம் வைல்ட்: அளந்து வரைந்த கட்டடக் கலைஞர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுப்பணித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னும் இத்தகைய அவைகளுக்குத் தவறாமல் வந்து எங்களை ஊக்குவிக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, அலுவல்களுக்கு இடையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களே, இந்த மண்டபத்தைக் கட்டணமின்றி அளித்த கல்லூரி முதல்வர் அவர்களே, பின்வரிசை வரை நிரம்பி அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்பார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஜேம்ஸ் வில்லியம் வைல்டின் வாழ்க்கை அந்தப் பழமொழிக்கே ஒரு புதிய பொருளைத் தருகிறது என்பது என் கருத்து. அவர் கட்டிய கட்டடங்கள், அவருடைய எகிப்துப் பயணம், காப்பாட்சியராக அவர் ஆற்றிய பணி என்னும் மூன்றையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

வைல்ட் 1814-இல் பிறந்தார். தந்தை சார்லஸ் வைல்ட், பெரிய தேவாலயங்களை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்ற ஓவியர். ஆகவே கட்டடத்தைக் கூர்ந்து பார்க்கும் கண் மகனுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. தொழில் கற்றது ஜார்ஜ் பசெவியிடம். அந்தப் பசெவியோ சர் ஜான் சோன் என்னும் பெருங்கலைஞரின் மாணவர். 1840-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் ஸ்ட்ரெட்டமில் வைல்ட் எழுப்பிய கிறைஸ்ட் சர்ச், கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணித் தேவாலயங்களே நாகரிகம் என்றிருந்த காலத்தில், இத்தாலிய பாணி மணிக்கூண்டோடும் பல நிறச் செங்கற்களோடும் எழுந்து நின்றது. அதன் உள்ளலங்காரத்தைச் செய்த ஓவன் ஜோன்ஸ், வைல்டின் சகோதரியை மணந்தவர்.

அவர் கட்டியவற்றுள் பொறியாளர் நிறைந்த இந்த அவைக்கு உகந்தது கிரிம்ஸ்பி துறைமுகக் கோபுரம். லிங்கன்ஷயர் கடற்கரையில் புதிய கப்பல்துறை அமைத்தபோது, ராட்சத மதகுக் கதவுகளைத் திறந்து மூடவும் பாரந்தூக்கிகளை இயக்கவும் நீரழுத்தம் தேவைப்பட்டது. பொறியாளர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் கண்ட வழி எளியது: தண்ணீரை உயரே ஏற்றி வைத்தால் அது இறங்கும்போது வேலை செய்யும். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி செய்வதும் அதுதான். ஆனால் கிரிம்ஸ்பியில் 30,000 காலன் நீரை 200 அடி உயரத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. வெறும் இரும்புக் கால்களின் மீது ஒரு தொட்டியை வைத்தாலும் வேலை நடந்திருக்கும். வைல்ட் அப்படி விடவில்லை. இத்தாலியின் சியன்னா நகரில் மக்கள் மன்றத்தின் மீது ஓங்கி நிற்கும் கோபுரத்தை மனத்தில் கொண்டு, ஏறத்தாழப் பத்து லட்சம் செங்கற்களால் 309 அடி உயரத்துக்கு எழுப்பிவிட்டார். சதுப்பு நிலத்தில் இவ்வளவு பாரம் எப்படி நிற்கிறது என்று வியந்த ஊரார், அடியில் பஞ்சுப் பொதிகளைப் போட்டு அதன் மேல் கட்டினார்கள் என்று ஒரு கதையைப் பரப்பினார்கள். பஞ்சின் மீது கோபுரம் நிற்குமா என்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களைக் கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்! கோபுரம் 1852-இல் நிறைவுற்றது. 1854 அக்டோபரில் விக்டோரியா அரசி வருகை தந்தபோது, இளவரசர் ஆல்பர்ட் அதன் மீது ஏறிக் கடலைப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் உழைத்த பின், 1892-இல், அருகே கட்டப்பட்ட சிறிய கோபுரம் அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. வைல்ட் மறைந்ததும் அதே ஆண்டில்தான். வேலை முடிந்தும் அதை யாரும் இடிக்கவில்லை. இன்றும் அது கிரிம்ஸ்பியின் அடையாளமாக நிற்கிறது.

இனி எகிப்து. 1842-இல் பண்டை எகிப்தை ஆராயப் பிரஷ்ய மன்னர் அனுப்பிய, லெப்சியஸ் என்னும் அறிஞர் தலைமையிலான ஆய்வுக்குழுவில் வைல்ட் சேர்ந்தார். ஜோசப் பொனோமி என்னும் மற்றோர் ஆங்கிலேயரும் உடன் இருந்தார். அந்த அக்டோபரில் மன்னரின் பிறந்தநாளன்று குழுவினர் பெரிய பிரமிடின் உச்சியில் கொடி ஏற்றினார்கள். குழுவின் கவனமெல்லாம் பாரோக்களின் காலத்தின் மீது இருக்க, வைல்டின் உள்ளத்தைக் கவர்ந்தவை கெய்ரோவின் மசூதிகளும் சாதாரணக் குடியிருப்புகளும். அந்நகரில் தங்கி, முற்றம், தூண், மரச் சட்டப் பின்னல் சாளரம், கூரைத் தச்சு என ஒவ்வொன்றையும் அளவெடுத்துத் தம் குறிப்பேடுகளில் வரைந்தார். அலெக்சாண்ட்ரியாவில் அவர் வடிவமைத்த புனித மாற்கு தேவாலயத்தில் அந்தப் படிப்பின் பயனைக் காணலாம்.

அன்பர்களே, என் நெஞ்சில் நெடுநாளாக இருக்கும் செய்தி இதுதான். வைல்ட் வரைந்த கெய்ரோ வீடுகளில் பல இன்று இல்லை. நகரம் விரிந்தபோது அவை போயின. ஆனால் அவற்றின் அளவுகள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய தாள்களில் இருக்கின்றன. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். சுவர் போன பின் அந்தச் சித்திரம் ஒன்றே மிச்சம். நம் தெருக்களில் திண்ணையும் முற்றமும் தேக்குத் தூணும் உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றில் வாழும் குடும்பங்களின் தேவையும் வறுமையும் எனக்குத் தெரியும். இடிப்பதற்கு முன் ஒரு நாடாவைப் பிடித்து அளந்து, ஒரு தளவரைபடமும் ஒரு குறுக்குவெட்டு வரைபடமும் வரைந்து வையுங்கள் என்றே கேட்கிறேன். கைப்பேசிப் படம் போதாதா என்கிறார்கள். சுவரின் தடிப்பையும் உத்திரங்களுக்கு இடையிலான தூரத்தையும் அந்தப் படத்திலிருந்து எடுத்துத் தச்சரிடம் கொடுத்துப் பாருங்கள், முடியாது.

காப்பாட்சியர் பணியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். சுருங்கச் சொன்னால், சோன் தம் வீட்டையும் சேகரிப்பையும் 1833-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் வழியாக நாட்டுக்கு அளித்து, தாம் விட்டுச்சென்ற நிலையிலேயே கூடியவரை அது காக்கப்பட வேண்டும் என்று விதித்தார். அங்கே 1861 முதல் காப்பாட்சியராக இருந்தவர், பிரமிடில் உடன் ஏறிய அதே பொனோமி. அவருக்குப் பின் 1878-இல் வைல்ட் பொறுப்பேற்று, இறக்கும் வரை அங்கே இருந்தார். தம் ஆசிரியரின் ஆசிரியர் வாழ்ந்த வீட்டைக் காக்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பதை அவர் அங்கே பதினான்கு ஆண்டுகள் செய்து காட்டினார். டெஹ்ரான் தூதரகக் கட்டடத்தையும் பெத்னல் கிரீன் அருங்காட்சியகத்தின் செங்கல் முகப்பையும் பற்றி மற்றொரு கூட்டத்தில் பேசுகிறேன்.

நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். பழைய வீடு ஒன்றை இடிக்க அனுமதி கேட்டு யார் வந்தாலும், அளவு வரைபடத்தின் ஒரு படியை மன்றத்தில் ஒப்படைத்த பிறகே அனுமதி வழங்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றித் தாருங்கள். வீட்டுக்காரருக்குச் செலவு வேண்டாம். அளந்து வரைய இங்குள்ள மாணவர்கள் வருவார்கள். அப்படிகளைப் பாதுகாக்க இடம் தருவதாகக் காப்பாட்சியர் அவர்கள் சற்று முன் என்னிடம் சொன்னார். அவருக்கு என் நன்றி. மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட விரும்புவோர் வெளியே செல்லும்போது இடலாம். அளக்க வர விரும்பும் மாணவர்கள் தங்கள் பெயரையும் வகுப்பையும் பக்கத்திலுள்ள ஏட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். வணக்கம்.