எத்தனை முட்டை, எவ்வளவு எண்ணெய்?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலம் பேசப் பழகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, மெனி எங்கே வரும், மச் எங்கே வரும் என்பதுதான். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று பெரிய பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். பட்டியலை மூடி வையுங்கள், மளிகைக் கடையில் எப்படிக் கேட்பீர்கள் என்று சொல்லுங்கள் என்பேன். முட்டை எத்தனை? எண்ணெய் எவ்வளவு? எத்தனை வரும் இடத்தில் மெனி, எவ்வளவு வரும் இடத்தில் மச். பேச்சில் ‘எவ்வளவு பேர் வந்தாங்க’ என்றும் நாம் சொல்வதுண்டு. ஆனால் ‘எத்தனை எண்ணெய்’ என்று எந்தக் குழந்தையும் கேட்காது.

அப்புறம், ஃப்யூ, எ ஃப்யூ. முன்னால் நிற்கும் அந்த ‘எ’தான் பலரையும் படுத்துகிறது. கூட்டத்துக்குச் சிலர் வந்தார்கள். கூட்டத்துக்குச் சிலரே வந்தார்கள். தலையை எண்ணினால் இரண்டிலும் ஒரே கணக்காகக்கூட இருக்கலாம். ஆனால் முதலாவதில் வந்தார்களே என்ற நிறைவு, இரண்டாவதில் இவ்வளவுதானா என்ற குறை. எ ஃப்யூ பீப்பிள் கேம் என்பது சிலர்; ஃப்யூ பீப்பிள் கேம் என்பது சிலரே. நாம் ஏகாரத்தைச் சேர்த்துக் காட்டும் குறையை ஆங்கிலம் ‘எ’வை எடுத்துவிட்டுக் காட்டுகிறது.

எ லிட்டில், லிட்டில் கதையும் இதுதான். சென்னையில் கோடையைக் கழித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது என்றால் நிம்மதியாகக் குளிக்கப் போகலாம்: தேர் இஸ் எ லிட்டில் வாட்டர். கொஞ்சமே இருக்கிறது என்றால் லாரிக்குப் போன் போட வேண்டும்: தேர் இஸ் லிட்டில் வாட்டர்.

இதுவரை தமிழ் துணைக்கு வந்தது. வராத இடம் ஒன்று உண்டு, அங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் போர்ட்டர் ‘எத்தனை லக்கேஜ்?’ என்று கேட்பார். தமிழில் அது சரி. அதையே ஹவ் மெனி லக்கேஜஸ் என்று மாற்றினால் தவறு. ஆங்கிலத்தில் லக்கேஜ் என்பது மொத்தச் சாமானுக்கும் பெயர். ஹவ் மச் லக்கேஜ் என்றுதான் கேட்க வேண்டும். எண்ணிக்கை வேண்டுமானால் ஹவ் மெனி பேக்ஸ். ஃபர்னிச்சரும் இப்படித்தான்: நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ண முடியாது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எல்லாம் இந்த வரிசைதான். தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் தாராளமாகப் பன்மை போடுவதால், நேர்முகத் தேர்வில் மெனி இன்ஃபர்மேஷன்ஸ் என்று வாயில் வந்துவிடுகிறது. எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன் என்று சொல்லிப் பழகுங்கள். எ லாட் ஆஃப் இரண்டு வகைக்கும் பொருந்தும். ஒன்றைத் தனியாகச் சொல்ல, எ பீஸ் ஆஃப் அட்வைஸ். இந்தச் சில சொற்களை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

காபியை எண்ண முடியாது என்று புத்தகம் சொல்லும். ஆனாலும் ஹோட்டலில் உட்கார்ந்து டூ காஃபீஸ் என்று சொன்னால் அது சுத்தமான ஆங்கிலம்தான். நாமும் ‘ரெண்டு காபி’ என்றுதானே சொல்கிறோம்? டம்ளர் கணக்கு அது.

கடைசியாக, குறைவு என்று சொல்ல வரும் ஃபியூவர், லெஸ். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், மற்றதற்கு லெஸ்: ஃபியூவர் பஸ்ஸஸ், லெஸ் டிராஃபிக். ஆனால் தூரம், நேரம், பணம் மூன்றுக்கும், எண் போட்டுச் சொன்னாலும் லெஸ்தான் இயல்பாக வரும். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ் என்று தயங்காமல் சொல்லுங்கள். அங்கே நாம் சொல்வது ஐந்து தனித்தனி கிலோமீட்டர்களை அல்ல, ஒரே தூரத்தை. நன்றி, வணக்கம்.