40 லட்சம் வரம்பு, ஒரு ரூபாய் கட்டணம்: வேட்பாளர் செலவுக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

அடுத்த கேள்வி. "தேர்தல் அப்போ எங்க தொகுதியில தினமும் கூட்டம், தெருவுக்குத் தெரு கொடி, வரிசையா வண்டி. ஆனா ஜெயிச்சவர் காட்டின செலவு வரம்புல பாதிகூட இல்லைன்னு சொல்றாங்க. அது எப்படி சார்? என்னை மாதிரி சாதாரண வாக்காளர் அந்தக் கணக்கைப் பார்க்க முடியுமா?"

பார்க்கலாம். கட்டணம் ஒரு ரூபாய். ஒரு ரூபாய்தான், தப்பாச் சொல்லலை. 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகள்ல 88-வது விதி அது. நகல் வேணும்னா அதுக்குத் தனிக் கட்டணம். முடிவு அறிவிச்ச நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள எல்லா வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலர்கிட்ட கணக்கு கொடுக்கணும். தோத்தவங்க, டெபாசிட் போனவங்களுக்கும் விலக்கு கிடையாது. அந்த அலுவலர் யாருன்னா கலெக்டர். சென்னையில மாநகராட்சி ஆணையர். கலெக்டர் ஆபீஸ்ல தேர்தல் பிரிவு எங்கேன்னு கேட்டுப் போங்க.

இப்போ, பாதிகூட வராதது எப்படின்னு பார்ப்போம். சட்டமன்றத் தொகுதிக்கு வரம்பு 2021 தேர்தல்ல 30 லட்சத்து 80 ஆயிரம். 2022 ஜனவரியில அதை நம்ம மாதிரி பெரிய மாநிலங்களுக்கு 40 லட்சமா ஏத்தினாங்க. இந்த வரம்பு மனு தாக்கல் பண்ற நாள்ல ஆரம்பிச்சு முடிவு வர்ற நாளோட முடியுது. அதுக்கு முன்னாடி ஆறு மாசம் கோயில் விழா, விளையாட்டுப் போட்டின்னு பேர் போட்டுச் செலவு பண்ணினது இதுல வராது. ஆனா ஒண்ணு: முன்னாடியே அடிச்சு குடோன்ல வெச்ச போஸ்டரை மனு கொடுத்த பிறகு ஒட்டினா, அந்தச் செலவு வரும். பில் தேதி பழசுன்னு விட்டுடறாங்க பாருங்க, அது தப்பு.

இதைவிடப் பெரிய ஓட்டை கட்சிச் செலவு. கட்சிக்கு வரம்பே கிடையாது. 1974-ல கன்வர் லால் குப்தா வழக்குல, வேட்பாளருக்காகக் கட்சி பண்ற செலவும் அவர் கணக்குதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாம ஆக்கிட்டாங்க. 2003-ல கொஞ்சம் இறுக்கினாங்க. இப்போ கட்சியோட பொதுவான பிரச்சாரமும், நட்சத்திரப் பேச்சாளரோட (பிரச்சாரத்துக்குன்னு கட்சி பட்டியல் போட்டுக் கொடுக்கிற தலைவர்கள்) பயணச் செலவும்தான் வேட்பாளர் கணக்குல சேராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு அப்படி 40 பேர், மத்த பதிவு பெற்ற கட்சிக்கு 20 பேர்.

அதுலயும் ஒரு பிடி இருக்கு. நட்சத்திரப் பேச்சாளர் பேசுற மேடையில வேட்பாளர் ஏறிட்டா, பந்தல், மைக், நாற்காலிச் செலவு அவர் தலையில விழும். உதாரணத்துக்கு, 9 லட்ச ரூபாய் கூட்டம், மேடையில மூணு வேட்பாளர்னா ஆளுக்கு 3 லட்சம். வேட்பாளர் மேடைக்கு வராம கீழேயே நின்னு கும்பிட்டுட்டுப் போறது அடக்கத்தால இல்லைங்க. அப்பவும் பேனர்ல அவர் படமோ பேரோ இருந்தா செலவு சேர்ந்துடும்.

ஓட்டுக்குக் கொடுக்கிற பணம் இந்தக் கணக்குல வரவே வராது. அது செலவு இல்லை, குற்றம். வரம்புக்குள்ள கொடுத்தாலும் குற்றம்தான். 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல ஆர்.கே. நகர், 2019-ல வேலூர் நாடாளுமன்றத் தொகுதி, எல்லாத்துலயும் தேர்தலை நிறுத்தினது பணப்பட்டுவாடாவுக்காக. கணக்குல வரம்பு மீறினதுக்காக இல்லை.

சரி, கணக்கு கையில வந்தாச்சு. எங்க பார்க்கிறது? பதிவேட்டுல மூணு பகுதி: வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, ரோஸ் தாள் ரொக்கம், மஞ்சள் தாள் வங்கி. தேர்தலுக்குன்னே தனி வங்கிக் கணக்கு திறந்திருக்கணும். ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுக்கச் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுக்கக்கூடாது. அதனால ரோஸ் தாள்ல ஒரே பந்தல்காரருக்கு 9,500, 9,800-ன்னு துண்டு துண்டா போயிருக்கான்னு பாருங்க.

அடுத்து வாகனம். அனுமதி வாங்கின வண்டி ஷெட்ல நின்னாலும், அனுமதியை எழுதிக் கொடுத்துத் திருப்பி ஒப்படைக்கலைன்னா ஓடினதாத்தான் கணக்கு. அனுமதிப் பட்டியலையும் வாகனச் செலவு அட்டவணையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நோட்டீஸ்ல அச்சகத்தோட பேர் இருந்தாகணும். எத்தனை பிரதின்னும் அச்சகம் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லணும். அதையும் ஒப்பிடலாம்.

ரொம்ப முக்கியமானது நிழல் பதிவேடு. வீடியோ குழு எடுத்த படத்துல நாற்காலியை எண்ணி, மாவட்டத்துக்கு நிர்ணயிச்ச விலைப் பட்டியலால பெருக்கி, அதிகாரிங்க தனியா எழுதி வைக்கிறது அது. வேட்பாளர் 300 நாற்காலின்னு எழுதி, வீடியோவுல 1,000 இருந்தா வித்தியாசம் அங்கதான் நிக்கும். தேர்தல் ஆணையம் அனுப்புற செலவினப் பார்வையாளர் பிரச்சாரத்துக்குள்ள குறைஞ்சது மூணு தடவை இந்த ரெண்டையும் ஒப்பிடுவார். ஒத்துப்போகலைன்னா நோட்டீஸ் போகும். மாவட்ட அலுவலரோட ஆய்வு அறிக்கையில இந்த வித்தியாசத்துக்குன்னே இடம் இருக்கு. என்னைக் கேட்டா, கணக்கைவிட அந்த அறிக்கையை முதல்ல படிங்க. கிடைக்கலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க.

கட்சிக் கணக்கு தனியா, சட்டமன்றத் தேர்தல் முடிஞ்சு 75 நாளுக்குள்ள தேர்தல் ஆணையத்துக்குப் போகும். ஆணையத்தோட இணையதளத்துல இருக்கும். சுவாரசியமான விஷயமெல்லாம் பெரும்பாலும் அதுலதான். 2019 நாடாளுமன்றத் தேர்தல்ல கூட்டணியில இருந்த இந்திய கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி திமுக கொடுத்தது வெளியே தெரிஞ்சதே இப்படித்தான். கட்சி ஒரு வேட்பாளருக்கு இவ்வளவு கொடுத்தோம்னு எழுதியிருந்தா, அவர் கணக்குல 8-வது அட்டவணையில அதே தொகை இருக்கணும்.

தப்பு கண்டுபிடிச்சா என்ன ஆகும்? கணக்கே கொடுக்கலைன்னா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 10-ஏ பிரிவுல மூணு வருஷம் தகுதி நீக்கம். அதுல மாட்டுறவங்க பெரும்பாலும் சுயேச்சைகள். பெரிய கட்சிக்காரங்ககிட்ட ஆடிட்டர் இருக்காரு. வரம்பு மீறியிருந்தா அது ஊழல் நடவடிக்கை, அதுக்கு உயர் நீதிமன்றத்துல தேர்தல் வழக்கு போடணும். தொகுதி வாக்காளரே போடலாம். ஆனா முடிவு வந்து 45 நாளுக்குள்ள. வேட்பாளர் 30-வது நாள் கணக்கு கொடுத்தார்னா, படிச்சு, வக்கீலைப் பார்த்து, மனு தாக்கல் பண்ண உங்களுக்கு மிச்சம் 15 நாள். அதனால 30 நாள் முடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க. கணக்கு வந்த இரண்டு நாள்ல, அது வந்திருக்குன்னு அறிவிப்புப் பலகையில நோட்டீஸ் ஒட்டணும்னு விதி இருக்கு. அந்தப் பலகையை அடிக்கடி போய்ப் பாருங்க.