செப்புப் பள்ளத்தாக்கில் இறங்கிப் பாருங்கள்

வணக்கம். மெக்சிகோவின் வடமேற்கில் ஓடும் ஒரு ரயிலைப் பற்றிப் பேசப்போகிறேன். பசிபிக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் லோஸ் மோச்சிஸ் நகரத்திலிருந்து மலை ஏறி, சிவாவா நகரம் வரை 653 கிலோமீட்டர் போகிற பாதை அது. உள்ளூரில் ‘எல் சேப்பே’ என்று செல்லமாகச் சொல்வார்கள். 86 சுரங்கங்கள், 37 பாலங்கள். கடல் மட்டத்தில் தொடங்கி ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம் வரை வண்டி ஏறுகிறது. எந்தப் பயண விளம்பரத்தை எடுத்தாலும் இந்த எண்கள் முதலில் வந்துவிடும்.

விளம்பரத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பாதையைப் போட்டவர்கள் யாரும் இயற்கைக் காட்சியை நினைத்துப் போடவில்லை. அவர்களுக்கு மலை ஒரு தொல்லை. 1870களில் ஆல்பர்ட் ஓவன் என்ற அமெரிக்கப் பொறியாளர், லோஸ் மோச்சிஸ் பக்கம் இருக்கும் டோபோலோபாம்போ விரிகுடாவைப் பார்த்தார். அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து சரக்கைப் பசிபிக் கடலுக்குக் கொண்டுபோக சான் பிரான்சிஸ்கோவைவிட இது பக்கம் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான், நடுவில் சியாரா மாத்ரே மலைத்தொடர் நிற்கிறது என்பதைத் தவிர. ரயில் வருவதற்கு முன்பே சமத்துவக் குடியிருப்பு ஒன்றை அங்கே அமைக்க 1886 முதல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வெயிலில் வாய்க்கால் வெட்டினார்கள், கடன்பட்டார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கலைந்து போனார்கள். 1900இல் ஆர்தர் ஸ்டில்வெல் என்ற ரயில்வே முதலாளி அதே வழியைக் கையில் எடுத்தார். 1912இல் அவர் நிறுவனம் திவாலானது. அதற்குள் மெக்சிகோவில் புரட்சி வேறு வெடித்திருந்தது. கடைசியில் மெக்சிகோ அரசே மீதி வேலையை ஏற்றுக்கொண்டு, தன் பொறியாளர்களை வைத்து முடித்தது. 1961 நவம்பர் 24ஆம் தேதி ஜனாதிபதி அடோல்ஃபோ லோபெஸ் மாத்தேயோஸ் பாதையைத் திறந்து வைத்தார்.

திறந்து வைத்த இடத்தின் பக்கம் தேமோரிஸ் என்ற நிலையம் இருக்கிறது. இந்தப் பாதையில் ஒரே ஒரு இடத்தில்தான் கண்ணை மூடாமல் இருக்க முடியும் என்றால், அது இதுதான். செங்குத்தில் வண்டியைப் பிடித்து ஏற்றும் பல்சக்கரம் எதுவும் கிடையாது. சாதாரணத் தண்டவாளத்தில் கனமான சரக்கு வண்டியும் ஏற வேண்டும். அதனால் நூறு மீட்டருக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் சரிவு வைக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. பள்ளத்தாக்கோ ஒரேயடியாக உயர்கிறது. என்ன செய்வது? பாதையை நீளமாக்கினார்கள். வண்டி ஆற்றின் மேல் வளைந்த பாலத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகிறது, திரும்பி வருகிறது, சற்று மேலே போய் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. மலையின் வயிற்றுக்குள்ளேயே அரைவட்டம் அடித்து, நுழைந்த திசைக்கு நேர் எதிராக வெளியே வருகிறது. வெளியே வந்து கீழே எட்டிப் பார்த்தால், சற்று முன் நீங்கள் வந்த தண்டவாளம் இரண்டு அடுக்காகத் தெரியும். எதிரே மலைச்சரிவில் தண்டவாளத் துண்டுகளை எழுத்தாக வளைத்து ஒரு திறப்பு விழா அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். கல்வெட்டு வைக்காமல் மிச்சமிருந்த இரும்பிலேயே எழுதிய அந்த ஆட்களை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எந்தப் பக்க ஜன்னல் நல்லது என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். மேலே ஏறும்போது பெரும்பாலும் வலது பக்கம். ஆனால் வண்டி இப்படிச் சுற்றுவதால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஜன்னலைவிட முக்கியம் திசை. லோஸ் மோச்சிஸ் பக்கமிருந்து காலையில் கிளம்புங்கள். தேமோரிஸ் வரும்போது நல்ல வெளிச்சம் இருக்கும். சிவாவாவிலிருந்து கிளம்பினால், குளிர்காலத்தில் அழகான பகுதி வருவதற்குள் இருட்டிவிடும். அப்புறம் கடிகாரம். 2022க்குப் பிறகு சிவாவா மாநிலமும், லோஸ் மோச்சிஸ் இருக்கும் சினலோவா மாநிலமும் ஒரு மணி நேரம் வித்தியாசத்தில் இருக்கின்றன. உங்கள் கைபேசி எல்லையில் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் படுக்காதீர்கள்.

லோஸ் மோச்சிஸ் கரும்பாலையை ஒட்டி வளர்ந்த புதிய ஊர், தங்கிப் பார்க்கப் பெரிதாக எதுவுமில்லை. முதல் நாள் இரவே எல் ஃபுயர்த்தே போய்விடுங்கள். மறுநாள் அங்கிருந்தே ரயில் ஏறலாம், கூட இரண்டு மணி நேரம் தூங்கலாம். 1564இல் ஸ்பானியர் அமைத்த ஊர் அது. 1610 வாக்கில் கட்டிய கோட்டையால் இந்தப் பெயர் வந்தது. மெக்சிகோ விடுதலை பெற்ற புதிதில், இன்றைய சினலோவாவும் சொனோராவும் ஒரே மாநிலமாக இருந்தபோது அதற்குத் தலைநகராகவும் இருந்தது. சதுக்கத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரங்கள், உள்ளே முற்றம் வைத்த வீடுகள். முகமூடி வீரன் ஸோரோ பிறந்த ஊரும் இதுதான் என்பார்கள். ஸோரோ ஒரு கற்பனைப் பாத்திரம் ஆயிற்றே என்றெல்லாம் கேட்கக் கூடாது, ஊர்ப்பெருமை.

சரி, மேலே போவோம். திவிசதேரோவில் வண்டி கால் மணி நேரம் போல நிற்கும். நிலையத்திலிருந்து சில அடிகளில் நிலம் முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் பள்ளத்தாக்குகள். செப்புப் பள்ளத்தாக்கு என்பது ஒன்றல்ல, பல பள்ளத்தாக்குகள் பின்னிக் கிடக்கும் ஒரு கூட்டம். அவற்றில் ஆழமான உரிக்கே 1,800 மீட்டரைத் தாண்டும். பலர் அந்தக் கால் மணி நேரத்தில் பாதியைப் படம் எடுப்பதிலும், மீதியைச் சாப்பாட்டு வரிசையிலும் தொலைக்கிறார்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. தகர டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பில் விறகு எரிய, தடித்த சோள ரொட்டியைச் சுட்டு, வயிற்றைக் கீறி உள்ளே அவரை விதைக் கூழும் சீஸும் மிளகாயும் வைத்துத் தருவார்கள்.

அதே நடைபாதையில் இந்த மலையின் பழங்குடியினரான ரராமுரிப் பெண்கள் அடுக்குப் பாவாடையோடு உட்கார்ந்து, பைன் ஊசியிலையில் கூடை பின்னிக்கொண்டிருப்பார்கள். கூவி விற்க மாட்டார்கள். நீங்கள் நின்றால் விலை சொல்வார்கள், அவ்வளவுதான். ஸ்பானியர் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் ஆள் பிடித்த காலத்தில் அவர்களின் முன்னோர் பலர் இந்தப் பள்ளங்களுக்குள் பின்வாங்கினார்கள். ஓட்டத்தில் பேர்போன மக்கள். 1993இல் அமெரிக்காவின் லெட்வில் நூறு மைல் ஓட்டத்தில் வென்றவர் 55 வயது விக்டோரியானோ சூரோ. 2017இல் லொரேனா ராமிரெஸ் என்ற பெண் பாவாடையும் ரப்பர் செருப்புமாக 50 கிலோமீட்டர் மலையோட்டத்தில் முதலாவதாக வந்தார். இவர்களைக் கேட்காமல் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு கூடை வாங்குங்கள், பிறகு கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

என் கட்சி இதுதான்: இந்த ரயிலில் உட்கார்ந்தே போய்வந்தவர் பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. தண்டவாளம் பெரும்பாலும் விளிம்பைவிட்டுத் தள்ளி, பைன் காட்டுக்குள்ளேதான் ஓடுகிறது. இடையில் இறங்கி ஏற இடம் தரும் சீட்டு உண்டு, முன்பே சொல்லி வாங்க வேண்டும். கிரீல் நிலையத்தில் இறங்கி வேனில் நான்கைந்து மணி நேரம் கீழே போனால் பதோபிலாஸ் என்ற ஊர். மேலே குளிர்காலத்தில் பனி விழும், கீழே மாமரமும் ஆரஞ்சும். வாஷிங்டன் நகரத்தை ஆண்டு, கடனில் தள்ளிவிட்டுப் பதவி இழந்த அலெக்சாண்டர் ஷெப்பர்ட், 1880இல் இங்கே வந்து வெள்ளிச் சுரங்கத்தில் பணம் பார்த்தார். அவர் மாளிகையின் இடிந்த சுவர்களில் இப்போது காகிதப்பூக் கொடி. ஆற்றோடு இறங்கிப் போனால் சதேவோவில் இயேசு சபையினர் விட்டுச் சென்ற பெரிய தேவாலயம், சுற்றிலும் விரல்விட்டு எண்ணும்படி வீடுகள். 1767இல் ஸ்பானிய மன்னர் அச்சபையையே நாட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார்.

வழிகாட்டி வேண்டுமா? கட்டாயம் வேண்டும், அதுவும் அந்த மலையில் வசிப்பவராக இருக்க வேண்டும். போதைப்பொருள் கும்பல்கள் நடமாடும் பகுதி இது. மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. 2022 ஜூனில் செரோகாவி கிராமத் தேவாலயத்துக்குள் முதிய குருமார் இருவரையும், அங்கே அடைக்கலம் தேடி வந்த ஒரு சுற்றுலா வழிகாட்டியையும் சுட்டுக் கொன்றார்கள். பயணிகள் தொடர்ந்து போய்வருகிறார்கள், ஆனால் எந்தச் சாலை இன்று திறந்திருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்கே தெரியும். இருட்டிய பிறகு சாலையில் போகாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் பணம் போனாலும் திட்டத்தை மாற்றுங்கள்.

மாதம் கேட்டீர்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர். மழை முடிந்து பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும். ஏப்ரல், மே என்றால் கீழே கொளுத்தும். அமெரிக்க விசா கையில் இருப்பவர்களுக்கு மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, இருந்தாலும் கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். சைவம் கிடைக்குமா என்ற கேள்வி வராமல் இருக்காது என்று தெரியும். கிடைக்கும். 1922 முதல் சிவாவா மாநிலத்துக் குவாவுத்தெமோக் நகரத்தின் பக்கம் குடியேறிய மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் செய்யும் சீஸ் அருமை. ஆனால் அவரைக் கூழைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள். ‘சின் மன்தேகா’, கொழுப்பு வேண்டாம், என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.