அலுவலகத்தில் இருப்பவர் இரவில் வீட்டுக்கு ஏன் வருகிறார்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. வரிசையாகப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. நான்கு நாட்களாக மனதிலேயே கிடக்கிறது. அதனால் இன்றைக்கு அது மட்டும்தான்.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடன் வேலை பார்க்கும் ஒருவர். மேலதிகாரி இல்லை, சம நிலையில் இருப்பவர்தான். வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். கூட்டத்தில் இவர் பேச ஆரம்பித்தாலே குறுக்கே பேசுகிறாராம். சின்னத் தவறைக்கூடப் பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லிக் காட்டுகிறாராம். எட்டு மாதமாக இப்படித்தான். "ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றைப் பிசைகிறது. இரவில் அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன். எனக்குத் தைரியம் போதவில்லையா? இந்தப் பதற்றத்தை எப்படி நிறுத்துவது?" என்று கேட்கிறார்.

முதலில் தைரியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதில் தைரியக் குறைவு எதுவும் இல்லை அம்மா. ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், செரிமானம் மந்தமாகும். வயிற்றைப் பிசைவது அதனால்தான். வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். எதிர்த்து நிற்க, அல்லது ஓடித் தப்பிக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சிக்கல் என்னவென்றால், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எதிர்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது. தயாரான உடல் தயாரான நிலையிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மனிதர் ஒரு நாளில் உங்களிடம் எவ்வளவு நேரம் கடுமையாக நடந்துகொள்கிறார்? பத்து நிமிடம் இருக்குமா? மற்ற நேரமெல்லாம் அவர் உங்கள் எதிரில் இல்லை. ஆனால் குளிக்கும்போது இருக்கிறார், சாப்பிடும்போது இருக்கிறார், விளக்கை அணைத்த பிறகும் இருக்கிறார். 'நாளைக்கு அவர் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வேன்' என்று மனதுக்குள் ஓடுகிறதே, அதைத்தான் நான் எப்போதும் ஒத்திகை என்று சொல்வேன். தூக்கம் பற்றிய பேச்சிலும் சொன்னேன். இங்கேயும் அதையேதான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதைவிட முக்கியமானது எனக்குத் தெரியவில்லை. மனதில் நடக்கும் ஒத்திகைக்கும் உடல் நிஜமாகவே பதறுகிறது. பத்து நிமிடக் காயத்துக்குப் பத்து மணி நேரம் வலிக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். நடக்கும்போது அவர் கையில் சாவிக்கொத்து ஆடும். அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே என் உள்ளங்கை வியர்த்துவிடும். வேலையை விட்டுப் பல வருடங்கள் கழித்து, எங்கோ வரிசையில் நிற்கிறேன், பின்னால் யாரோ சாவியை ஆட்டுகிறார். திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே தோள் இறுகிவிட்டது! பார்த்தால் யாரோ ஒரு முன்பின் தெரியாத பெரியவர். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த மூத்தவர் என்னை எப்போதோ விட்டுவிட்டார், ஆனால் என் உடல் ஒத்திகையை நிறுத்தவே இல்லை.

சரி, எப்படி நிறுத்துவது? 'நினைக்காதே' என்று மனதுக்குக் கட்டளை போடாதீர்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடுத்தால் அந்த நினைவு இன்னும் வலுவாகத்தான் திரும்பி வரும். அதனால் விரட்டாதீர்கள், நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. படுக்கையில் வேண்டாம். அந்த நேரத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் வந்தால், 'ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்கிறேன்' என்று தள்ளிப்போடுங்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். உளவியல் சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பயன்படும் முறை இது. முதல் வாரம் சரியாக வராது, விடாதீர்கள்.

காலையில் கண் விழித்ததும் நெஞ்சு கனக்கிறது என்றும் எழுதியிருந்தார். விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் என்ற சுரப்பு இயல்பாகவே பெரும்பாலானவர்களுக்குக் கூடும். அந்த நேரத்தில் படுத்தபடியே அலுவலகத்தை நினைத்தால் எல்லாமே பெரிதாகத் தெரியும். எழுந்து நடமாடுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்ற முடிவை அந்த அரை மணியில் எடுக்காதீர்கள். கூட்டத்துக்குள் போகும் முன் நான்கைந்து முறை மெதுவாக மூச்சு விடுங்கள், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும். துடிப்பு கொஞ்சம் அடங்கும்.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, நேரம், என்ன சொன்னார், யார் இருந்தார்கள். அவ்வளவுதான். 'கொடூரமாகப் பேசினார்' என்று எழுத வேண்டாம், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள். இந்த நோட்டு இரண்டு வேலை செய்யும். நாளைக்குப் புகார் கொடுக்க நேர்ந்தால் கையில் ஆதாரம் இருக்கும். அதைவிட முக்கியம், எழுதிவிட்டால் மறந்துவிடுவோமோ என்று மனம் அதையே சுற்ற வேண்டியதில்லை. அவர் குறுக்கே பேசினால், "ஒரு நிமிடம், முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். குரலை உயர்த்த வேண்டாம், விளக்கம் வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஒத்திகை பாருங்கள், அந்த ஒத்திகைக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

எல்லோரிடமும் சிடுசிடுப்பவர் வேறு, உங்களை மட்டும் குறிவைப்பவர் வேறு. ஸ்வீடனில் இதை ஆராய்ந்த ஹைன்ஸ் லைமன், வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால் அது பணியிடத் துன்புறுத்தல் என்று வரையறுத்தார். அந்த நாடு 1993லேயே இதற்கென்று விதிமுறை கொண்டுவந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது, வேலையிடத்தில் நடக்கும் வன்முறையும் துன்புறுத்தலும்தான் அதன் பொருள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'நான்தான் தொட்டாற்சிணுங்கியா' என்று இனி உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டாம். எட்டு மாதம் அம்மா. இதற்கு உலக அளவில் பெயர் இருக்கிறது, விதி இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே போங்கள். வேலையை மாற்றுவதும் தோல்வி இல்லை, ஆனால் அந்த முடிவு நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் எடுத்ததாக இருக்கட்டும்.

இனி, நான்கு நாட்களாக என்னை விடாத வரிக்கு வருகிறேன். கேள்வியின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்: "எல்லோரும் பார்க்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை."

அந்தச் சாவிக்கொத்துக் காலத்தில் என்னைக் காப்பாற்றியது மூச்சுப் பயிற்சி இல்லை. எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. பக்கத்து மேசையில் ஒரு அக்கா இருந்தார். அதிகம் பேசாதவர். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, அவர் என் மேசைக்கு வந்து, "நானும் கேட்டேன் தம்பி. அவர் பேசினது சரியில்லை" என்றார். அவ்வளவுதான். சண்டைக்குப் போகவில்லை, புகார் எழுதவில்லை. அன்று இரவு ஒத்திகை இல்லாமல் தூங்கினேன். அதுவரை என் மனதில் ஒரே வழக்குதான் ஓடிக்கொண்டிருந்தது: தப்பு அவர் மீதா, என் மீதா? ஒரு சாட்சி வந்ததும் வழக்கு முடிந்துவிட்டது.

அதனால் இந்தக் கேள்வியை வேறு ஒருவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவர். 'என் கண் முன்னால் ஒருவரை இப்படி நடத்துகிறார்கள், நான் என்ன செய்வது?' என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை. பார்க்கிறவர்களில் நிச்சயம் சிலர் அந்த நாற்காலியில் இருப்பீர்கள். எதிர்த்துப் பேச உங்களுக்கும் பயம் இருக்கும், வேலை போய்விடும் என்ற கவலை இருக்கும், அது எனக்குப் புரிகிறது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. கூட்டத்தில் பாதியில் வெட்டப்பட்டவரைப் பார்த்து, "நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே" என்று கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், கூட்டம் முடிந்ததும் போய், "நானும் கேட்டேன்" என்று சொல்லுங்கள்.

சகோதரி, நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்களோடு இருப்பவர்களில் முகம் சுளித்தவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் போய், "நேற்று நடந்ததை நீங்கள் கவனித்தீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த முறை அதிலிருந்து தொடர்கிறேன்.