கடிதத்தின் அடுத்த பக்கத்தையும் படியுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் புயலோ வெள்ளமோ அடித்து ஓய்ந்த பிறகு வீட்டுக்கு வருகிற ஒரு கடிதத்தைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஹூஸ்டன், சார்லட், டாம்பா பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

அதிபர் ஒரு பகுதியைப் பேரிடர் பகுதியாக அறிவித்து, தனிநபர் உதவிக்கும் ஒப்புதல் தந்தால், ஃபெமாவிடம், அதாவது அமெரிக்க அரசின் பேரிடர் நிவாரண அமைப்பிடம், விண்ணப்பிக்கலாம். பொதுவாக 60 நாள் அவகாசம். 9 இலக்கப் பதிவு எண் ஒன்று தருவார்கள். அப்புறம் கடிதம் வரும். பெயர், பதிவு எண், பேரிடர் எண் எல்லாம் இருக்கும்; கூடவே, உங்களுக்கு உதவி அங்கீகரிக்கப்படவில்லை என்று ஒரு வரி. அந்த வரியோடு கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. காரணம் அதற்குக் கீழேதான் எழுதியிருக்கும். ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் அந்த முகவரியில் குடியிருந்ததற்குச் சான்று வைத்திருக்க மாட்டார்கள்.

அடிக்கடி வரும் இன்னொரு காரணம் காப்பீடு. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலிருந்து பணம் வாங்கச் சட்டம் இடம் தராது. அதனால் வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்று நீங்கள் எழுதினால், காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தருகிறது என்று தெரியும்வரை ஃபெமா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் தண்ணீர் புகுந்த ஏராளமான வீடுகளுக்கு அது இல்லை. உங்களிடமும் அந்த வெள்ளப் பாலிசி இல்லையென்றால், 'இந்தச் சேதத்துக்கு நாங்கள் பணம் தர மாட்டோம்' என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது போதாது. அந்தக் காகிதத்தை இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள். அனுப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுத மறக்காதீர்கள். அவகாசம் 60 நாள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

மக்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் கடிதங்கள் புரியவில்லை, மேல்முறையீடு செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 2020-இல் அறிக்கை எழுதியது. நிவாரணப் பணத்தை ஒதுக்குவது எவ்வளவு முக்கியமோ, அதைச் சொல்லும் கடிதத்தைத் தெளிவாக எழுதுவதும் அவ்வளவு முக்கியம். நொந்து போய் நிற்கிறவர்களுக்கு அல்லவா அதை அனுப்புகிறார்கள்!

2024 மார்ச் 22 முதல் அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்கு விதிகள் சற்று இளகின. மேல்முறையீட்டுக்குத் தனியாகக் கையெழுத்திட்ட கடிதம் கட்டாயமில்லை என்றார்கள். உணவு, தண்ணீர் போன்ற அவசரத் தேவைக்கு உடனடியாக 750 டாலர் தரும் ஏற்பாடும் வந்தது. சரி, அதே ஆண்டு செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தது. மேற்கு வட கரோலினாவில் ஊர் ஊராக வெள்ளம் அடித்துப்போனது. மொத்த உதவியே 750 டாலர்தான், அதுவும் கடன் என்று ஒரு வதந்தி கிளம்பியது. இரண்டுமே பொய். அது முதல் தவணை மாதிரி; வீட்டைப் பழுதுபார்க்க, வாடகைக்குப் போக என்று மற்ற உதவிகள் தனியாக உண்டு. வதந்தியை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு?

கடைசியாக, எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு. உங்கள் பெயரில் ஃபெமாவின் பண உதவி கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளை பேரிடரின்போது உங்களோடு அதே வீட்டில் இருந்து, அந்தப் பிள்ளைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்தால், பெற்றோர் பிள்ளையின் சார்பில் விண்ணப்பிக்கலாம் என்பது ஃபெமா வைத்திருக்கும் வழி. நம்மவர்களில் நிறையப் பேர் இதைக் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டு யார் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். உதவி எண் 1-800-621-3362. கூப்பிடும்போது கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள்.